சார்லி பேட்டன்: டெல்டா ப்ளூஸின் தந்தை என்ற பட்டமும் அந்த இரைச்சலுக்குள் இருக்கும் இசையும்

அமெரிக்கக் கித்தார் பாடகர் சார்லி பேட்டனை, மிசிசிப்பிக் கறுப்பின மக்களின் இசையான டெல்டா ப்ளூஸின் தந்தை என்று பல இடங்களில் படித்துவிட்டு அவருடைய பாடல்களைத் தேடிக் கேட்டதாகவும், இரைச்சலுக்கு நடுவே ஓர் உறுமலைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ராபர்ட் ஜான்சன் என்ற இன்னொரு டெல்டா ப்ளூஸ் பாடகரைக் கேட்டவுடன் பிடித்துப்போனது, இவரைப் பிடிக்கவில்லை. ஆகவே இந்தப் புகழே இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் கட்டியெழுப்பியதோ என்பது உங்கள் சந்தேகம். பேட்டனின் பெருமை அவர் வாசித்ததில் இருக்கிறதா, அவரைப் பற்றிப் பிறர் சொன்னதில் மட்டும் இருக்கிறதா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் வாசித்ததில்தான் இருக்கிறது என்பது என் பதில். தந்தை என்ற பட்டத்துக்கு மட்டும் ஆதாரம் போதாது. நான் பல ஆண்டுகளாக கித்தார் கற்பிப்பவன். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய ப்ளூஸ் பதிவுகளைக் காதால் கேட்டு, மாணவர்களுக்காக விரல் விரலாக எழுதித் தருவது என் வேலையின் ஒரு பகுதி. எனவே அவருடைய கைகளைப் பற்றி நான் சொல்வது நேரடியாகக் கேட்டறிந்தது. வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதோ 1960கள் முதல் மிசிசிப்பியில் வீடு வீடாகச் சென்று விசாரித்த ஆய்வாளர்களின் உழைப்பிலிருந்து பெற்றது. இரண்டுக்கும் ஒரே எடை தர வேண்டாம்.

முதலில் இடம். டெல்டா என்றவுடன் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் தட்டையான வண்டல் நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். பெரும்பகுதி காடாகவும் சதுப்பாகவும் இருந்த அந்த நிலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டித் திருத்திப் பருத்தி போட்டார்கள். காட்டை வெட்டவும் கரை கட்டவும் பருத்தி எடுக்கவும் ஆயிரக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர்கள் மற்ற மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்திருந்தாலும், விளைச்சலில் பங்கு தந்து வாரத்துக்குப் பயிரிட்டவர்களின் கணக்குப் புத்தகம் நிலக்காரரிடமே இருந்ததால் கடன் ஒருபோதும் தீராது. வில் டாக்கரி என்பவர் 1895இல் ரூல்வில் ஊருக்கு அருகில் தொடங்கிய பண்ணை அப்படிப்பட்டது. அது விரிந்து ஏறத்தாழ 10,000 ஏக்கர் ஆனபோது அங்கே சொந்த மளிகைக்கடை, மர அறுவை ஆலை, தேவாலயங்கள், ரயில் நிறுத்தம், கடையில் மட்டும் செல்லுபடியாகும் சொந்த நாணயம் எல்லாமே இருந்தன. பேட்டனின் குடும்பம் தெற்கிலுள்ள ஹைண்ட்ஸ் மாவட்டத்திலிருந்து இந்தப் பண்ணைக்குத்தான் 1900ஐ ஒட்டிக் குடிபெயர்ந்தது.

அவர் பிறந்த ஆண்டு உறுதியில்லை. கல்லறைக் கல்லில் 1891 ஏப்ரல் என்று செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் 1881, 1885, 1887 என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 1891ஐ ஏற்றால் முதல் இசைத்தட்டு பதிவானபோது அவருக்கு 38 வயது. 1881 என்றால் 48. டெல்டா இசையின் தொடக்கத்தில் அவர் சிறுவனா வளர்ந்த இளைஞனா என்பதும் இதைப் பொறுத்தே இருப்பதால், அவருக்கு வழங்கப்படும் பட்டத்தையும் இந்தப் பத்தாண்டு வேறுபாடு தொடுகிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் 1891ஐயே ஏற்கிறார்கள், நானும் அப்படியே. தந்தை யார் என்பதிலும் ஒரு சர்ச்சை உண்டு. ஆவணப்படி பில் பேட்டன், ஆனி பேட்டன் தம்பதியின் மகன். ஆனால் அதே வட்டாரத்தில் வாழ்ந்த, அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஹென்டர்சன் சாட்மன் என்ற பிடில் இசைஞரே உண்மையான தகப்பன் என்று சாட்மன் குடும்பத்தினர் பின்னாளில் சொன்னார்கள். சாட்மனின் பிள்ளைகள் மிசிசிப்பி ஷீக்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவை நடத்தியவர்கள் என்பதால் இந்தக் கதை எல்லோருக்கும் இனிக்கிறது. அது குடும்பத்தாரின் வாய்மொழி, அவ்வளவுதான். பேட்டன் மாநிறமும் சுருள் முடியும் கொண்டவர் என்பதையும், ஆப்பிரிக்க, வெள்ளையின, செவ்விந்திய வம்சங்கள் அவரிடம் கலந்திருந்தன என்பதையும் நேரில் பார்த்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆள் குள்ளம், மெலிந்த உடல். அந்த உடலிலிருந்து அந்தக் குரல் எப்படி வந்தது என்பதே அவரைக் கண்டவர்களின் வியப்பு.

டாக்கரி பண்ணையில் ஹென்றி ஸ்லோன் என்ற மூத்த கித்தார் கலைஞரிடம் பேட்டன் கற்றார் என்று ஏறக்குறைய எல்லா விவரங்களும் ஒத்துப்போகின்றன. ஸ்லோனின் ஒரு சுரம்கூடப் பதிவாகவில்லை. அதனால் பேட்டனிடம் நாம் கேட்பதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு குருவினுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 1910களில் பேட்டன் அந்தச் சுற்றுவட்டாரத்தின் பெரிய இசைக்கலைஞராகிவிட்டார். சனிக்கிழமை கூலி வாங்கியவர்கள் கூடும் கடைத் திண்ணையில் பிற்பகல் வாசிப்பார், இரவில் யாராவது ஒருவரின் வீட்டுத் தளவாடங்களை வெளியே தூக்கி வைத்துவிட்டு நடக்கும் நடனத்துக்கு வாசிப்பார். மின்சாரம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. நூறு பேர் மரத்தரையில் காலால் உதைத்து ஆடும் அறையில் ஒரு கித்தாரும் ஒரு தொண்டையும் மட்டும். அவருடைய இசையின் பல குணங்களுக்கு, நீங்கள் குறைகூறும் அந்த உறுமல் உட்பட, காரணம் இந்த அறைதான்.

இனி உங்கள் இரைச்சலுக்கு வருகிறேன். அது பேட்டனுடையது அல்ல, பாரமவுண்ட் நிறுவனத்தினுடையது. விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, இசைத்தட்டுப் பெட்டிகளுக்கு மரக்கூடு செய்யத் தொடங்கி, பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் விற்க வேண்டும் என்று கண்டு, கறுப்பின மக்களுக்காகத் தனி வரிசையில் மலிவான தட்டுகளை வெளியிட்டது. தட்டு செய்யப் பயன்பட்ட அரக்குக் கலவை மட்டமானது. புதிய தட்டே பொரிந்துகொண்டுதான் பாடும். ஜாக்சன் நகரில் கடை வைத்திருந்த எச். சி. ஸ்பியர் என்ற வெள்ளைக்காரர் பாடகர்களைக் கண்டுபிடித்து நிறுவனங்களுக்கு அனுப்புவதைத் துணைத்தொழிலாகச் செய்துவந்தார். பேட்டன் அவருக்குக் கடிதம் எழுத, அவர் நேரில் போய்க் கேட்டுவிட்டுப் பாரமவுண்டுக்குப் பரிந்துரைத்தார். 1929 ஜூன் 14 அன்று இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், ஜெனட் நிறுவனத்தின் பதிவுக்கூடத்தில், ஒரே நாளில் 14 பாடல்கள் பதிவாயின. "போனி ப்ளூஸ்" முதலில் வெளிவந்து நன்றாக விற்றது. ஒரு தட்டில் அவர் பெயரைப் போடாமல் "முகமூடி மாயாவி" என்கிற பொருளில் ஒரு புனைபெயரை அச்சிட்டு, பாடகரைக் கண்டுபிடிப்பவர்களுக்கு இன்னொரு தட்டு இலவசம் என்று போட்டி வைத்தார்கள். அந்தக் குரலை ஒருமுறை கேட்டவருக்கு அது ஒரு புதிராக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம். பக்திப் பாடல்களை எல்டர் ஜே. ஜே. ஹேட்லி என்ற பெயரில் விற்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் கிராஃப்டன் என்ற ஊரில், பாரமவுண்டின் சொந்தக் கூடத்தில், ஹென்றி சிம்ஸ் என்பவரின் பிடிலோடு மேலும் பல பாடல்கள் பதிவாயின. 1930இல் அதே கூடத்துக்கு ப்ளூஸ் கலைஞர்களான சன் ஹவுஸ், வில்லி பிரவுன், பியானோ வாசித்த லூயிஸ் ஜான்சன் ஆகியோரோடு சென்று நான்கு பாடல்கள் பாடினார்.

அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1927இல் ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள் 1932இல் சுமார் 60 லட்சத்துக்கு இறங்கின. பாரமவுண்ட் கடையை மூடியது. தட்டுகளை அச்சடிக்கப் பயன்பட்ட உலோக மூலங்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. வேலை இழந்த ஊழியர்கள் கோபத்தில் தட்டுகளை மில்வாக்கி ஆற்றில் எறிந்தார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. அதை நான் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். மூலங்கள் போனது மட்டும் உறுதி. ஆகவே இன்று நாம் கேட்பதெல்லாம், யாரோ ஒரு குடும்பம் தடித்த ஊசியால் நூற்றுக்கணக்கான முறை ஓட்டித் தேய்த்து, பரணிலோ படுக்கைக்குக் கீழோ போட்டுவைத்திருந்த பிரதிகளிலிருந்து எடுத்தது. அதிகம் பிடித்த பாட்டு அதிகம் தேய்ந்திருக்கும் என்பதால், புகழ்பெற்றவையே மோசமாக ஒலிக்கின்றன. ராபர்ட் ஜான்சன் 1936, 1937 ஆண்டுகளில் டெக்சாஸில் வேறொரு நிறுவனத்துக்குப் பாடினார். நல்ல ஒலிவாங்கி, நல்ல அரக்கு, அத்துடன் பிற்காலம் வரை காப்பாற்றப்பட்ட மூலங்களும் இருந்தன. நீங்கள் இருவரையும் ஒப்பிட்டபோது, தெரியாமலே இரண்டு தொழிற்சாலைகளை ஒப்பிட்டுவிட்டீர்கள். பேட்டனுக்கு நேர்ந்ததை விட மோசமாக நேர்ந்தவர்களும் உண்டு: 1930இல் அவருடன் போன வில்லி பிரவுனின் ஒரு தட்டு வெளிவந்ததற்கு விளம்பரப் பட்டியலில் சான்று இருக்கிறது, ஒரு பிரதிகூட இதுவரை கிடைக்கவில்லை. சன் ஹவுஸின் தொலைந்த தட்டு ஒன்று 2005இல்தான் அகப்பட்டது.

இரைச்சலை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? எனக்கு முதலில் படுவது தாளம். ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு அளவு (அளவு என்பது ஒரு தாளச் சுற்று), ஒவ்வொன்றிலும் நான்கு எண்ணிக்கை என்று எந்தப் பாடநூலிலும் இருக்கும். "போனி ப்ளூஸை" அப்படி எண்ணிக்கொண்டு வாசித்துப் பாருங்கள், இரண்டாம் அடியிலேயே இடறி விழுவீர்கள். பாட்டின் வரி நீள வேண்டிய இடத்தில் அவர் அளவை நீட்டுகிறார், கித்தார் ஒரு சொற்றொடரை முடிக்க அரை அளவு தேவையானால் சேர்த்துக்கொள்கிறார். இதைக் கணக்குத் தெரியாமை என்று நினைக்கும் மாணவர்களிடம், அடுத்த சரணத்தையும் எழுதிப் பார்க்கச் சொல்வேன். கூடுதல் அரை அளவு பெரும்பாலும் அதே இடத்தில் திரும்பவும் வரும். அவர் மனத்தில் இருந்தது வேறொரு சட்டம். அதற்கு மேல், கட்டைவிரல் தடித்த நரம்பில் போடும் அடி ஒரு கணக்கிலும், மெல்லிய நரம்புகளில் விரல்கள் எழுப்புவது இன்னொரு கணக்கிலும், குரல் இவ்விரண்டுக்கும் சற்றுப் பிந்தியும் முந்தியும் மூன்றாவது கணக்கிலும் ஓடுகின்றன. "டவுன் தி டர்ட் ரோடு ப்ளூஸ்" என்ற பதிவில் இது உச்சம். அதில் கித்தார் பாகத்தை மட்டும் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் நல்ல மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன்மேல் பாடத் தொடங்கியவுடன் கை நின்றுவிடும். கித்தாரின் மரப்பலகையைத் தட்டுவதும், நரம்பை மேலே இழுத்து விட்டுப் பலகையில் அறைய வைப்பதும், காலால் தரையில் மிதிப்பதும் சேர்ந்து, தனி ஒருவர் ஒரு மேளக்குழுவின் வேலையைச் செய்கிறார்.

இரண்டாவது, குரலும் கித்தாரும் பேசிக்கொள்ளும் விதம். "எ ஸ்பூன்ஃபுல் ப்ளூஸ்" பாட்டின் மையச்சொல்லை அவர் பெரும்பாலான இடங்களில் வாயால் முடிப்பதே இல்லை. வரியைத் தொடங்கி நிறுத்துகிறார், நரம்பின்மேல் தேய்த்துச் செல்லும் ஸ்லைடு என்ற வழவழப்பான துண்டு அந்தச் சொல்லை முடிக்கிறது. இடையிடையே பேச்சு வழக்கில் தானே கேள்வி கேட்டு, குரலை மாற்றித் தானே பதில் சொல்கிறார். மூன்று நிமிடத் தட்டுக்குள் ஒரு கூட்டமே இருப்பது போலிருக்கும். வார்த்தைகள் புரியாததற்கு இந்த ஓரங்க நாடகமும் ஒரு காரணம். ஆங்கிலம் தெரிந்த உங்களுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல இது. அவருடன் பழகி, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த சன் ஹவுஸே, பேட்டன் என்ன பாடுகிறார் என்று பாதி நேரம் விளங்காது என்று குறைப்பட்டிருக்கிறார். கித்தாரைத் தலைக்குப் பின்னால் வைத்தும் கால்களுக்கு இடையில் வைத்தும் வாசித்துக் கோமாளித்தனம் செய்வார் என்றும், இசையில் அக்கறையற்றவர் என்றும் ஹவுஸ் சொன்னார். பின்பாதியை நான் ஏற்பதில்லை. ஹவுஸ் அடிப்படையில் ஒரு போதகர், மேடையில் விளையாட்டு அவருக்குப் பிடிக்காது. ஆனால் சனிக்கிழமை இரவில் ஆடவந்த கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டியிருந்தவருக்கு அந்த வித்தை தொழிலின் பகுதி. பதிவுக்கூடத்தில் அதைப் பார்க்க எவரும் இல்லாதபோதும் அவர் அதே கவனத்தோடு வாசித்திருக்கிறார் என்பதற்குத் தட்டுகளே சாட்சி.

அவருடைய பாடல்களின் பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறார். பெரும்பாலான ப்ளூஸ் பாடல்களில் ஊர் எதுவாகவும் இருக்கலாம். பேட்டனிடம் ஊர் பெயரோடு வருகிறது. டாக்கரி பண்ணையிலிருந்து பாயில் என்ற ஊருக்கு ஓடிய கிளை ரயில் "பீ வைன் ப்ளூஸ்" ஆகிறது. பருத்திக் காயைத் துளைத்து டெல்டாவின் விளைச்சலைத் தின்ற கூன்வண்டு இன்னொரு பாட்டில் பாத்திரமாகவே பேசுகிறது. தன்னைப் பிடித்த காவல் அதிகாரிகளின் பெயர்களும், அடைக்கப்பட்ட பெல்சோனிச் சிறையும், டாக்கரி பண்ணையிலிருந்து விரட்டப்பட்ட செய்தியும் பாடல்களில் இருக்கின்றன. இவற்றுள் தலையாயது "ஹை வாட்டர் எவ்ரிவேர்". 1927 ஏப்ரல் 21 அன்று கிரீன்வில் நகருக்கு மேலே மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் மிசிசிப்பியின் கரை உடைந்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் ஏழு மாநிலங்களில் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் நீரில் மூழ்கியது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்களைத் துப்பாக்கிமுனையில் கரை வேலைக்கு நிறுத்தினார்கள்; முகாம்களை விட்டு வெளியேற அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இரண்டரை ஆண்டு கழித்து, தட்டின் இரு பக்கங்களையும் நிரப்பி, பேட்டன் அதைப் பாடினார். லீலண்ட், கிரீன்வில், ரோஸ்டேல், விக்ஸ்பர்க் என்று ஊர் ஊராக ஓடுகிறார், எங்கும் தண்ணீர். மேட்டு நிலத்துக்குப் போகலாமென்றால் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. பாட்டு போகப்போக வேகம் கூடிக்கொண்டே போவதைக் கடிகாரத்தால் அளந்து காட்டலாம். அவர் அந்த ஊர்களிலெல்லாம் அப்போது நேரில் இருந்தாரா என்பது ஐயத்துக்குரியது, குறிப்பாக ஆர்கன்சாஸ் மாநிலத்து ஊர்களைச் சொல்லும் இரண்டாம் பாகத்தில். பலர் சொன்னதைத் தன் அனுபவமாகக் கோத்திருக்கலாம். வெள்ளத்தைப் பற்றி அதற்கு முன்பும் பல பாடகர்கள் தட்டு வெளியிட்டிருந்தார்கள். நான் கேட்டவற்றில் இதற்கு இணையானது இல்லை.

அவரை ப்ளூஸ் பாடகர் என்று மட்டும் சொல்வதும் சரியல்ல. பக்திப் பாடல்கள், கொலைக் கதைப்பாடல்கள், ராக்டைம் என்ற துள்ளல் தாள நடனத் துண்டுகள், 1910இல் நாடக மேடைகளில் பரவிய ஒரு வெகுசனப் பாட்டின் தன் வடிவம் என்று எல்லாம் பதிவு செய்திருக்கிறார். வெள்ளையர் விருந்துகளிலும் வாசித்தார். அவ்வப்போது பிரசங்கமும் செய்தார். கேட்பவர் கேட்டதைத் தரும் பழைய தலைமுறை இசைக்கலைஞர் அவர். அவரிடமிருந்து ப்ளூஸை மட்டும் எடுத்துச் சென்றது அடுத்த தலைமுறை.

யார் எடுத்துச் சென்றார்கள் என்பதில் உறுதியானவற்றை மட்டும் சொல்கிறேன். செஸ்டர் பர்னட் என்ற இளைஞன், பின்னாளில் ஹவ்லிங் வுல்ஃப் என்று உலகறிந்தவர், 1930 வாக்கில் ரூல்வில் பக்கத்தில் பண்ணை வேலை செய்துகொண்டே பேட்டனிடம் நேரடியாகக் கற்றார். தான் முதலில் கற்ற உருப்படி அந்தப் போனிப் பாட்டுத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1951இல் மெம்பிஸ் நகரில் ஒலிப்பதிவாளர் சாம் பிலிப்ஸ் பதிவு செய்த வுல்ஃபின் குரலைக் கேட்டால் ஆசிரியர் யாரென்று சொல்லத் தேவையிருக்காது. மேடையில் தவழ்வதும் உருள்வதுமான ஆட்டங்களும் அதே பள்ளியில் கற்றவை. வுல்ஃப் 1960இல் பதிவுசெய்த "ஸ்பூன்ஃபுல்" பாடலாசிரியர் வில்லி டிக்சன் பெயரில் வெளிவந்தது. அதன் கரு பேட்டனின் பாட்டில் இருக்கிறது, ஆயினும் இசையமைப்பு வேறு, ஆகவே நகல் என்று சொல்ல மாட்டேன். 1966இல் கிரீம் என்ற ஆங்கிலேயக் குழு அதைப் பாடியபோது, பேட்டன் என்ற பெயரைக் கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்களிடம் அந்தக் கரு சென்று சேர்ந்தது. 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுவந்த "லிட்டில் ரெட் ரூஸ்டர்" என்ற சேவல் பாட்டும் வுல்ஃப் வழியாக வந்ததே. அதைப் பேட்டனின் "பேண்டி ரூஸ்டர் ப்ளூஸ்" வரை கொண்டுபோய் இணைப்பவர்களும் இருக்கிறார்கள். உருவகம் ஒன்றாக இருப்பது உண்மைதான், ஆனால் சேவல் உருவகம் அந்த வட்டாரத்தில் பொதுச்சொத்து.

ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற பக்தி இசைக்குழுவின் தலைவர் ரோபக் ஸ்டேபிள்ஸ் டாக்கரி பண்ணையில் வளர்ந்து, கடைவாசலில் பேட்டனைக் கேட்டு கித்தார் மேல் ஆசை கொண்டவர். அவருடைய கை வழியாக அந்த மரபு பக்தி இசைக்குள் சென்றது. பேட்டனோடு கிராஃப்டனில் பிடில் வாசித்த அதே ஹென்றி சிம்ஸ், 1941, 1942 ஆண்டுகளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் முதல் பதிவுகள் எடுக்கப்பட்டபோது அவருடன் வாசித்தவர். டாமி ஜான்சன் என்ற ப்ளூஸ் பாடகர் 1910களில் பேட்டனின் வட்டத்தில் இருந்து கற்றவர். ஆனால் அவர் 1928லேயே தட்டு வெளியிட்டுவிட்டார், ஆசிரியர் அடுத்த ஆண்டுதான். பதிவான வரிசையை வைத்து யார் யாருக்கு முன்னோடி என்று தீர்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும். ராபர்ட் ஜான்சனுக்கும் பேட்டனுக்கும் நேரடிக் குரு சீட உறவு இருந்ததற்குச் சான்றில்லை. ஜான்சன் பின்தொடர்ந்து கற்றது சன் ஹவுஸையும் வில்லி பிரவுனையும்; அந்த இருவரும் பேட்டனுடன் திரிந்தவர்கள். நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கித்தார் கற்ற கதையும் முதலில் டாமி ஜான்சனைப் பற்றி அவருடைய சகோதரர் சொன்னது. பிறகு அது வேறொரு ஜான்சனின் தோளில் ஏறிக்கொண்டது.

எனவே தந்தை என்ற பட்டத்தை நான் பயன்படுத்துவதில்லை. ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியை நரம்பில் தேய்த்துக்கொண்டு பாடியதைக் கேட்டதாகப் பின்னாளில் எழுதினார். அந்த மனிதரின் பெயர் தெரியாது. ஹென்றி ஸ்லோனும் அதே காலத்தவர். 1891இல் பிறந்த பேட்டனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆக அந்த இசை அவருக்கு முன்பே இருந்தது; பல பண்ணைகளில், பல கைகளில், ஒரே காலத்தில் உருவானது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: டெல்டாவில் அந்த முறையை முழுநேரத் தொழிலாக்கி, பெயர்பெற்ற இசைக்கலைஞராக இருபதாண்டுகள் சுற்றி, அடுத்த தலைமுறையின் முக்கியமான கைகள் பலவற்றை நேரில் தொட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடல்களையும் விட்டுச் சென்ற முதல் மனிதர் அவர். இதில் சேகரிப்பாளர்களின் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. புக்கா வைட் போன்ற ப்ளூஸ் பாடகர்கள் சிறுவயதிலேயே சார்லி பேட்டனைப் போல வர வேண்டும் என்று ஆசைப்பட்டதைச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது வெள்ளைக்காரச் சேகரிப்பாளர் எவரும் அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. சேகரிப்பாளர்கள் செய்த தவறு வேறு: அவரைத் தனித்து அலைந்த துயர ஞானியாக வரைந்துவிட்டார்கள். அவர் நல்ல உடை உடுத்தி, பல திருமணங்கள் செய்து, கேட்ட கூலி வாங்கிய ஊர்ப் பிரபலம்.

கடைசி ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1933இல் நடன நிகழ்ச்சி ஒன்றில் அவர் கழுத்தில் கத்தி விழுந்தது என்பது பலர் சொன்னது. 1934 ஜனவரி இறுதியில், தன் துணைவியும் பாடகியுமான பெர்த்தா லீயுடன் நியூயார்க் சென்று வொகாலியன் நிறுவனத்துக்காகப் பாடினார். அந்தத் தட்டுகளில் மூச்சு வாங்குவதை நீங்களே கேட்கலாம். அது கழுத்துக் காயத்தாலா இதய நோயாலா என்று தட்டைக் கேட்டுத் தீர்மானிக்க இயலாது. 1934 ஏப்ரல் 28 அன்று இண்டியனோலா அருகே இறந்தார். இதய வால்வுக் கோளாறு என்கிறது இறப்புச் சான்றிதழ். நஞ்சு வைத்தார்கள், மின்னல் தாக்கியது என்று உலவும் கதைகளுக்கு இடமில்லை. எந்தச் செய்தித்தாளும் அவர் இறந்த செய்தியை வெளியிடவில்லை. ஹாலி ரிட்ஜ் இடுகாட்டில் அவருக்குக் கல் நட்டது 1991இல், பாடகர் ஜான் ஃபோகர்ட்டியின் செலவில். 2006இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் "போனி ப்ளூஸை" தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. 2021இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரை முன்னோடி என்ற பிரிவில் ஏற்றது.

மறுபடி கேட்க விரும்பினால், நியூயார்க் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். அவை பாரமவுண்ட் அல்ல என்பதால் குரல் துலக்கமாக இருக்கும், வாசிப்பு முன்போல் தீவிரமாக இல்லாவிட்டாலும் அவருடைய உச்சரிப்புக்குக் காது பழகும். அடுத்து "எ ஸ்பூன்ஃபுல் ப்ளூஸ்", அதில் கித்தார் சொல்லை முடிக்கும் இடங்களை மட்டும் கவனித்து. பிறகு "ஹை வாட்டர் எவ்ரிவேர்" முதல் பாகம், பாடல்வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு, காதுக்கருவி வழியாக அல்லாமல் அறையில் ஒலிபெருக்கி வழியாக. அப்படிக் கேட்டால் மேற்பரப்பின் பொரிச்சல் குரலிலிருந்து விலகி நிற்கும். இரைச்சலை முற்றிலும் துடைத்த பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள். துடைக்கும் மென்பொருள் பொரிச்சலோடு நரம்பின் அறைதலையும் மரப்பலகைத் தட்டலையும் சேர்த்தே அழித்துவிடுகிறது; பேட்டனிடம் அவை பாதி இசை. "போனி ப்ளூஸைக்" கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்போது காலால் தாளம் போட்டபடி.